இறுகிப்போன வயரிங் கனெக்டரைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலில் சொந்தக் காரைத் தானே திருத்திப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது, ஹெட்லைட் குமிழ் மாற்றுவது என்று துணிந்து இறங்குகிற பலர் பொல்ட்டிலும் நட்டிலும் தடுமாறுவதில்லை. வயர்களை இணைக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கனெக்டரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "உடைச்சாத்தான் வரும் போல" என்று யாராவது போனில் சொன்னால் எனக்கு மனம் பதறும். உடைந்த கனெக்டருக்கு அதே மாதிரி ஒன்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எல்லா நேரமும் கிடைப்பதில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த வயரிங்கிலிருந்து வெட்டி எடுத்து அனுப்பச் சொல்லிக் காத்திருக்க வேண்டிவரும். அதுவரை கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தார்கள். அதனால் நம் பக்கத்தில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை பழையவை. எஞ்சின் சூட்டில் வருடக் கணக்காக வெந்த பிளாஸ்டிக் பலத்தைத் தாங்காது. வழி தெரிந்து தொட்டால் பெரும்பாலும் உடையாமல் வரும்.

கராஜில் இதைச் சொக்கட் என்பார்கள், பிளக் என்றும் சொல்வார்கள். ஸ்பார்க் பிளக்கோடு குழம்பக் கூடாது என்பதால் இங்கே கனெக்டர் என்றே எழுதுகிறேன்.

லொக்கை நன்றாக அழுத்துகிறேன், பலமாக இழுக்கிறேன். வரவே இல்லை. ஏன்?

அநேகமாக நீங்கள் இழுத்துக்கொண்டே அழுத்துகிறீர்கள். அதுதான் காரணம்.

கனெக்டரின் ஒரு பாதியில் சின்ன மேடு ஒன்று இருக்கும். மறு பாதியில் வளைந்து கொடுக்கும் நாக்கு ஒன்று இருக்கும். நாக்கில் உள்ள கொளுக்கி மேட்டைத் தாண்டி அதன் பின்னால் விழுந்ததும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். நீங்கள் வெளியே இழுக்கும்போது அந்தக் கொளுக்கி மேட்டின் சுவரோடு இறுக அழுந்துகிறது. அந்த நிலையில் நாக்கை எவ்வளவு அழுத்தினாலும் கொளுக்கி உரசிக்கொண்டு நிற்குமே தவிர விலகாது. நீங்கள் கூட்டும் பலம் முழுவதும் பூட்டை இறுக்கவே போகிறது. கடைசியில் நாக்கு முறியும்.

ஆகவே முதலில் கனெக்டரை உள்ளே தள்ளுங்கள். ஆம், கழற்ற வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான். ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலே போதும், கொளுக்கியின் மீதுள்ள இறுக்கம் விட்டுவிடும். உள்ளே தள்ளியபடியே நாக்கை அழுத்துங்கள். நாக்கு அமுங்கியதை விரலில் உணர்ந்த பிறகு, அமுக்கிய விரலை எடுக்காமல் மெதுவாக வெளியே இழுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கழராது என்று கைவிட்ட கனெக்டர்களில் மிகப் பல இந்த ஒரு வேலையிலேயே வந்துவிடுகின்றன.

நாக்கு அமுங்கிவிட்டது, ஆனாலும் உடம்பு வரவில்லை என்றால் பிரச்சினை பூட்டில் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் சீலில் இருக்கிறது. அப்போது நேராக இழுப்பதோடு இடம் வலமாக மிகச் சிறிதாக ஆட்டுங்கள். மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டினால் உள்ளே இருக்கும் உலோகப் பின் வளையும்.

எங்கே அழுத்துவது என்றே தெரியவில்லை. எத்தனை வகை லொக் இருக்கிறது?

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். தலை போகாத இடத்தில் போன் போகும். டோர்ச்சைப் போட்டு வீடியோ எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். லொக் அடிப்பக்கத்தில் இருக்கலாம், என்ஜினைப் பார்த்தபடி இருக்கலாம்.

ஜப்பான் வண்டிகளில் அதிகம் காண்பது நடுவில் அழுத்தும் நாக்கு. இதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று நுனியை நேராக அமுக்குவது. மற்றது நடுவில் ஊன்றிய ஏற்றப்பலகை மாதிரி, வயர் இருக்கும் பக்கத்து நுனியை அமுக்கினால் மறு நுனியிலுள்ள கொளுக்கி மேலே எழும்பும். இதில் தவறான நுனியை அமுக்கினால் கொளுக்கி இன்னும் இறுகும். வயர்ப் பக்கத்தில் விரல் வைக்கச் சொரசொரப்பான மேடையோ கோடுகளோ இருந்தால் அமுக்க வேண்டிய இடம் அதுதான்.

சிலவற்றில் நாக்கை அமுக்கக் கூடாது, தூக்க வேண்டும். வயர் உள்ள பாதியில் ஒரு வளையம் இருந்து, அது சென்சர் பக்கத்து மேட்டின் மேல் மாட்டியிருந்தால் அது தூக்குகிற வகை. சின்னத் தட்டை ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் வளையத்தை ஒரு மயிரளவு தூக்கினால் போதும். இந்த வளையங்கள்தான் அதிகம் உடைகின்றன, ஏனென்றால் பார்க்கிற எல்லோரும் அமுக்குகிறார்கள்.

பிறகு இரட்டைப் பூட்டு. முக்கிய நாக்குக்கு மேலேயோ பின்னாலேயோ சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று கனெக்டரின் நிறத்துக்கு ஒவ்வாத நிறத்தில் ஒரு துண்டு செருகியிருக்கும். அதை முதலில் பின்னுக்கு இழுத்தால்தான் நாக்கு அமுங்கும். அதை முழுவதும் கழற்றி எடுக்க வேண்டாம், ஒரு 'டிக்' கேட்கும் வரை நகர்த்தினால் போதும். கழன்று விழுந்தால் எஞ்சினுக்கு அடியில் தேட வேண்டியதுதான்.

பழைய வண்டிகளில் எஞ்சினுக்குள் எரிபொருள் பீச்சும் இன்ஜெக்டர்களில் பிளாஸ்டிக் நாக்குக்குப் பதிலாக வளைத்த கம்பி ஒன்று இருக்கும். சிலவற்றில் அந்தக் கம்பியை அமுக்கியபடி இழுக்கலாம். சிலவற்றில் ஊசியால் நெம்பிக் கம்பியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள், கம்பி பறக்கும்.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பெரிய கம்ப்யூட்டர் பெட்டியில் நெம்புகோல் உள்ள கனெக்டர் இருக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் பட்டரி வயரைக் கழற்ற வேண்டுமா?

ஹெட்லைட் குமிழுக்காக என்றால் சாவியை எடுத்து, லைட்டை அணைத்தால் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள் என்பது என் கருத்து. மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் பின்னில் பொறி பறந்து கருகும். சுருள் உள்ள பாகங்களில் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறி, கம்ப்யூட்டர் பெட்டியைப் பாதிக்கலாம். நெகட்டிவைக் கழற்றியிருந்தால், ஸ்க்ரூ ட்ரைவர் நுனி தவறிப் பொசிட்டிவ் பக்கம் பட்டாலும் சோர்ட் ஆகாது.

பட்டரியைக் கழற்றினால் மணிக்கூடும் ரேடியோவும் அழியும், சில கார்களில் பவர் ஷட்டர், அதாவது கதவுக் கண்ணாடி, ஒரே அழுத்தில் தானாக ஏறி இறங்காது, ஸ்லோ, அதாவது அக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். இவை எல்லாம் திரும்பச் சரிசெய்யக் கூடியவை. ரேடியோவுக்குக் கோட் கேட்கும் வண்டியென்றால் மட்டும் அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரைப் பக்கம் கிரவல் ரோட்டில் ஓடுகிற வண்டி. சக்கரத்துக்கு அருகே உள்ள ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) சென்சர் கனெக்டர் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்து வண்டிகளில் இது சாதாரணம். கோடையில் கச்சான் காற்றோடு வரும் புழுதி நாக்குக்கு அடியில் போய்ப் படியும். மாரியில் அது சேறாகும். அடுத்த கோடையில் அந்தச் சேறு காய்ந்து கல்லாகும். நாக்கு அமுங்குவதற்கு அடியில் வெற்றிடம் வேண்டும். அங்கே மண் நிரம்பியிருந்தால் எத்தனை பலமாக அமுக்கினாலும் அது இறங்காது.

ஆகவே கழற்றும் முன் கழுவுங்கள். போத்தலில் தண்ணீர் எடுத்து நாக்கின் மீது சாதாரணமாக ஊற்றி, சில நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய பல்பிரஷால் தேய்த்து, சைக்கிள் சக்கரக் கம்பியின் நுனியை மெல்லிதாக அரவி, நாக்குக்கு அடியிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். பிரஷர் வோஷரைக் கனெக்டருக்கு நேரே பிடிக்க வேண்டாம். அது மண்ணை வெளியேற்றுவதற்குப் பதில் சீலைத் தாண்டி உள்ளே அனுப்பும். டயர் கடையில் காற்றடிக்கும் வாய்ப்பு இருந்தால் நல்லது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மண் போனதும் நாக்கை இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். இன்னும் மண் உதிரும். முழுவதும் அமுங்குகிறது என்று தெரிந்த பிறகு, முன்பு சொன்னபடி உள்ளே தள்ளி, அமுக்கி, இழுங்கள்.

டபிள்யூ.டி.40 அடிக்கலாமா? தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய்?

நாக்கு சிக்கியிருந்தால் எண்ணெயால் பெரிய பயன் இல்லை. சீல் ஒட்டியிருந்தாலோ பின்னில் களிம்பு பிடித்திருந்தாலோ பயன் உண்டு. எதை அடிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் தெரிவு சிலிக்கோன் ஸ்பிரே, இரண்டாவது எலெக்ட்ரிக்கல் கொன்டக்ட் கிளீனர். இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் கொஞ்சம் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். டபிள்யூ.டி.40 அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அதில் பெற்றோலிய எண்ணெய் இருக்கிறது, கனெக்டர்களின் சிலிக்கோன் ரப்பர் அதில் நாளடைவில் ஊதும். எனவே பிரித்த பிறகு கொன்டக்ட் கிளீனரால் கழுவிவிட வேண்டும். கிளீனர் வாங்கும்போது பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று டின்னில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் சூடான எஞ்சினுக்கு அருகே வேண்டவே வேண்டாம். பிரேக் கிளீனர் சில பிளாஸ்டிக்குகளை வெளுத்து வெடிக்க வைக்கும்.

தட்டை ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பலாமா? வேறு என்ன ஆயுதம் வேண்டும்?

இரண்டு பாதிகளுக்கும் நடுவில் செருகித் திருகி நெம்புவதை விட்டுவிடுங்கள். அந்த விளிம்பு மெல்லியது, அதற்கு உள்ளேதான் சீல் இருக்கிறது. நாக்கை அமுக்குவதற்கு மட்டும் ஸ்க்ரூ ட்ரைவரைப் பயன்படுத்தலாம். கை நுழையாத இடத்தில் நீளமான ஒன்றால் நாக்கை அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் இழுப்பது நல்ல முறை.

நான் கையோடு வைத்திருக்கச் சொல்வது இவ்வளவுதான்: சின்னத் தட்டை ஸ்க்ரூ ட்ரைவர், நுனி வளைந்த ஊசி, மூக்குக் குறடு, கொஞ்சம் பழைய டியூப் ரப்பர். குறட்டின் இரு வாயிலும் டியூப் ரப்பரைச் சுற்றிக் கனெக்டரின் உடம்பைப் பிடித்தால் வழுக்காது, நசுங்காது. பிடித்து ஆட்டுவதற்குத்தான் குறடு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதற்கு அல்ல. நாக்கு அமுங்காத வரை குறட்டை எடுக்கவே வேண்டாம்.

வயர்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் என்ன?

இழுக்காதீர்கள். வயரின் நுனியிலுள்ள பின் உள்ளிருந்து பின்வாங்கும், அல்லது காப்புக்குள்ளேயே செம்பு இழை அறுந்துபோகும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. மேடு பள்ளத்தில் மட்டும் எஞ்சின் லைட் எரிந்து அணையும் வண்டியாகிவிடும். அந்தப் பிழையைத் தேடுவதைப் போல அலுப்பான வேலை வேறில்லை.

கல்லடியில் கடற்கரைக்கு அருகே வீடு. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாக இருக்கிறது.

அது களிம்பு. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுவதும் இது உண்டு. மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உவர் வாவி. நடுவில் நிற்கிற காருக்கு இரண்டு பக்கமும் உப்புக் காற்று. உப்பீரம் கனெக்டருக்குள் போனால் எந்நேரமும் 12 வோல்ட் நிற்கிற பின்னைத்தான் முதலில் அரிக்கும். கார் ஓடாமல் நின்றாலும் அந்த அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

பிரிக்கும்போது களிம்பு பிடித்த பின்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளீனர் அடித்து ஊறவிட்டு, உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் என்று நகர்த்துங்கள். தடுத்தால் திரும்ப உள்ளே தள்ளி, திரும்ப அடியுங்கள். ஒரே இழுவையில் எடுக்கப் போனால் பின் முறிந்து மறு பாதிக்குள் நின்றுவிடும்.

குத்துவிளக்கைத் தேசிக்காய் போட்டுத் துலக்குவது போல இதையும் துலக்கலாமே என்று கேட்கிறார்கள். தேசிக்காயும் வினாகிரியும் களிம்பை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கைப் பிறகு நன்றாகக் கழுவித் துடைக்கிறோம். கனெக்டரின் இடுக்கில் அமிலம் தங்கினால் அங்கிருந்தே அரிப்பு புதிதாகத் தொடங்கும். கொன்டக்ட் கிளீனரும் மெல்லிய நைலோன் பிரஷும் போதும். அரத்தாளும் வேண்டாம். பின்னின் மேலே வெள்ளீயப் பூச்சு இருக்கிறது, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியிலுள்ள செம்பு இன்னும் வேகமாகப் பச்சையாகும். பின் மெலிந்து பாதியாகியிருந்தால் துப்புரவு செய்து பயனில்லை, பின்னையோ கனெக்டரையோ மாற்ற வேண்டும்.

ஹெட்லைட் குமிழின் பின்னாலுள்ள மூன்று கால் கனெக்டர் அசையவே மாட்டேன் என்கிறது. லொக்கையும் காணவில்லை.

எச்4 குமிழ் என்றால் லொக் இல்லாமல் இருப்பது இயல்பு. மூன்று தட்டைக் கால்களை மூன்று பித்தளைப் பிடிகள் இறுக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். கனெக்டரின் உடம்பைப் பிடித்து இடம் வலமாக ஆட்டி ஆட்டி நேராக இழுங்கள். குமிழையே பிடித்து இழுத்தால் கண்ணாடி உடையும்.

அப்படியும் வரவில்லை என்றால் உருகி ஒட்டியிருக்கும். 60 வாட் குமிழ் 12 வோல்ட்டில் சுமார் 5 அம்பியர் எடுக்கிறது. பிடி தளர்ந்து அங்கே அரை ஓம் தடை வந்தாலே அந்த ஒரு புள்ளியில் சுமார் 10 வாட் சூடாக மாறும். கூடிய வாட் குமிழ் போட்டால் இன்னும் மோசம். உருகிய கனெக்டரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எப்படியும் குமிழ் மாற்றத்தானே போகிறீர்கள், குறட்டால் கனெக்டரை நொறுக்கி எடுத்துவிடலாம். எச்4க்கான செராமிக் கனெக்டர் வயரோடு சேர்த்தே உதிரிப்பாகக் கடைகளில் விற்கிறது. இந்தப் பக்கத்தில் சிரமமில்லாமல் மாற்றுக் கிடைக்கிற கனெக்டர் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றுவது நல்லதா, ஆறிய பிறகா?

வெதுவெதுப்பாக இருக்கும்போது. கை வைத்தால் சுடாத அளவில் பிளாஸ்டிக்கும் சீலும் கொஞ்சம் இளகியிருக்கும். முழுச் சூட்டில் கை வெந்துவிடும். பட்டரி கழற்றியிருந்தாலும் சைலன்சர்ப் பக்கம் சூடு நீண்ட நேரம் நிற்கும். முறுகிப்போன நாக்கு என்று தோன்றினால் ஹெயார் டிரையரைக் கொஞ்சத் தூரத்தில் பிடித்துச் சூடேற்றலாம். லைட்டர் நெருப்பைக் காட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நாக்கு உடைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயிலின் கனெக்டர்களில் இது மிக அதிகம். எஞ்சினின் தலைக்கு மேலேயே இருப்பதால் அவை முறுகிப்போய்விடுகின்றன. நாக்கு போனாலும் மின்தொடர்பு இருக்கிறது, பிடிதான் இல்லை. கனெக்டரை முழுவதும் உள்ளே தள்ளி, இரண்டு பாதிகளையும் சேர்த்து மெல்லிய கேபிள் டையால் கட்டுங்கள். டை வழுக்காமல் ஏதாவது ஒரு விளிம்பில் கொளுவ வேண்டும். நன்றாகக் கட்டினால் நெடுநாள் நிற்கும்.

இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை உருகி வழியும். சூப்பர் க்ளூவால் இரண்டு பாதியையும் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை கழற்ற வேண்டியவர் நீங்களாகவே இருப்பீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கோடும் ஏயார்பேக்கோடும் தொடர்புள்ள கனெக்டரின் நாக்கு உடைந்தால் டையால் கட்டி ஓட்ட வேண்டாம். அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஓட்சிசன் சென்சர் கனெக்டரைப் பற்றித் தனியாக ஏதாவது?

புகைக்குழாயில் பூட்டியிருக்கும் சென்சர் அது. இரண்டு விடயம். ஒன்று, அதன் கனெக்டர் பெரும்பாலும் ஒரு தகட்டிலோ தாங்கியிலோ கொளுவியிருக்கும். முதலில் கனெக்டரைத் தாங்கியிலிருந்து விடுவித்துக் கைக்கு எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பிரியுங்கள். தாங்கியின் கிளிப்பை லொக் என்று நினைத்து மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

மற்றது, சில ஓட்சிசன் சென்சர்கள் தமக்குத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள் இடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன. அந்தக் கனெக்டருக்குள் எண்ணெய், கிரீஸ், கிளீனர் எதுவும் அடிக்காதீர்கள். வயர் அறுந்தால் ஈயம் வைத்து ஒட்டாமல், உலோகக் குழலில் செருகி நசுக்கி (கிரிம்ப் பண்ணி) சேர்ப்பதும் இதனால்தான்.

தம்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதையும் இப்படியே கழற்றலாமா?

மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஏயார்பேக், ஐயா. தேவையில்லாமல் தொட வேண்டாம். சீட்டுக்கு அடியிலும் இருக்கும், சீட் கழற்றும்போது கவனம். தொட்டே ஆக வேண்டும் என்றால் சாவியை எடுத்து, பட்டரி நெகட்டிவைக் கழற்றி, காத்திருக்க வேண்டும். டொயோட்டாவின் திருத்தக் கையேடுகள் குறைந்தது 90 செக்கன் என்கின்றன. ஹொண்டா 3 நிமிடம் என்கிறது. எந்த வண்டியென்றாலும் பத்து நிமிடம் விடுங்கள், அவசரப்படுவதில் ஒரு இலாபமும் இல்லை. அதன் பின்களில் மல்டிமீற்றரால் ஓம் பார்க்கவே கூடாது. மீற்றரிலிருந்து போகும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டி?

செம்மஞ்சள் நிற வயர் எதையும் கழற்றாதீர்கள். அக்வாவின் ஹைபிரிட் பட்டரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 201.6 வோல்ட். மோட்டரை ஓட்டும் இன்வேர்ட்டர் அதை மூன்று மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது. இது ஆளைக் கொல்லும் மின்சாரம். சின்ன 12 வோல்ட் பட்டரியைக் கழற்றிவிட்டால் இதுவும் செத்துவிடும் என்று நம்பிக் கை வைக்க வேண்டாம். ஹைபிரிட் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். அதே வண்டியின் ஹெட்லைட், ஹோர்ன், வைப்பர் போன்ற சாதாரண 12 வோல்ட் கனெக்டர்களுக்கு மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பெரிய கனெக்டர் எப்படி வரும்?

அதில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் நுனியிலுள்ள சின்ன லொக்கை அமுக்கி, கோலை மறுபக்கம் முழுவதும் மடித்தால் கனெக்டர் தானாகவே மேலே எழும்பி வரும். நீங்கள் இழுக்க வேண்டியதே இல்லை. கோல் பாதியில் நின்றால் லொக் முழுவதும் விடவில்லை என்று அர்த்தம். திரும்பப் போடும்போது கோலைத் திறந்த நிலையில் வைத்து, நேராக அமர்த்தி, பிறகு மடியுங்கள். சாய்வாக அமர்த்தி மடித்தால் பின்கள் வரிசையாக வளைந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார். கனெக்டர்களை என்ன செய்வது?

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அம்பாறைப் பக்கம் பல வீடுகளில் எழுந்த கேள்வி. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சாவியைத் திருப்பவும் வேண்டாம். நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கதவின் உட்பக்கக் கறையைப் பார்த்தால் தெரியும். அந்த மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு கனெக்டரையும் பிரிக்க வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியிலும் வயர் ஓடுகிறது, கார்ப்பெட்டைத் தூக்கத்தான் வேண்டும்.

சேறு புகுந்த கனெக்டரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ கலந்திருந்தால் அலசுவது இன்னும் அவசியம், உப்பைக் கரைக்கத் தண்ணீரை விட்டால் வேறில்லை. பிறகு கிளீனர் அடித்து, வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டு, ஓரிரு நாள் காயவிடுங்கள். மஞ்சள் கனெக்டரும், நடுவில் கியர்ப் பகுதிக்கு அடியிலுள்ள ஏயார்பேக் பெட்டியும் நனைந்திருந்தால் அதைக் கராஜில்தான் பார்க்க வேண்டும்.

வயல் ஓரத்தில் வீடு. எலி வயரைக் கடித்துவிட்டது, அதுவும் கனெக்டரை ஒட்டியே.

கனெக்டருக்கு மிக அருகில் கடித்திருந்தால் ஒட்டுவதற்கு வயர் மிச்சமிருக்காது. அப்போது பின்னைக் கனெக்டரிலிருந்து வெளியே எடுத்துப் புது வயர் பிடிக்க வேண்டும். முன்பக்கத்தில் பின்னைப் பூட்டும் மெல்லிய பிளாஸ்டிக் விரல் ஒன்று உள்ளே இருக்கும். அதை ஊசியால் தள்ளிப்பிடித்தபடி பின்னாலிருந்து வயரை மெதுவாக இழுத்தால் பின் வரும். இங்கும் அதே முறைதான், முதலில் வயரை உள்ளே தள்ளிவிட்டு ஊசியைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும். இரண்டை ஒன்றாக எடுத்தால் இடம் மாறிவிடும். சம்மாந்துறைப் பக்கம் அறுவடை முடிந்த காலங்களில் பொனட்டைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

திரும்பப் போடும்போது கவனிக்க வேண்டியது?

கழற்றும் முன்பே எடுத்த போட்டோ இப்போது உதவும். ஒரே வடிவில் இரண்டு கனெக்டர் அருகருகே இருந்தால் பிரிக்கும் முன்னமே டேப் துண்டில் எண் எழுதி இரு பாதியிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

சீல் தன் இடத்தில் இருக்கிறதா, மறு பாதிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சீலின் மேல் சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த முறை சுலபமாகக் கழரும், உப்பீரமும் உள்ளே வராது. கனெக்டர் நிறையக் கிரீஸை அடைக்க வேண்டாம், உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றிக் கனெக்டரைப் பின்னுக்குத் தள்ளும்.

நேராகச் செருகி 'டிக்' கேட்கும் வரை தள்ளுங்கள். எஞ்சின் சத்தமில்லாத நேரம்தானே, நன்றாகக் கேட்கும். பிறகு உடம்பைப் பிடித்து மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நிற்க வேண்டும். இரட்டைப் பூட்டு உள்ளதென்றால் அந்த நிறத் துண்டு சுலபமாக உள்ளே போக வேண்டும். போக மறுத்தால் கனெக்டர் முழுவதும் அமரவில்லை.

எல்லாம் போட்ட பிறகு எஞ்சின் லைட் எரிகிறது.

பிரித்திருந்தபோது யாராவது சாவியைத் திருப்பியிருந்தால் அந்தப் பிழையின் கோட் கம்ப்யூட்டர் பெட்டியில் பதிவாகியிருக்கும். ஸ்கேனரால் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்ப வந்தால் நீங்கள் தொட்ட கனெக்டர்களிலேயே தேடுங்கள். முழுவதும் அமராதது, வளைந்த பின், இடம் மாறியது என்று இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புது சென்சர் வாங்க ஓட வேண்டாம்.

இருட்டிவிட்டது, பாகமும் வரவில்லை. பிரித்த கனெக்டரை அப்படியே விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் திறந்தபடி விடாதீர்கள். இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் சின்னப் பொலித்தீன் பையால் மூடி, ரப்பர் வளையம் போட்டு, வாய் கீழே பார்க்கும்படி கட்டிவிடுங்கள். கடற்கரையோரத்தில் ஒரே இரவின் பனியும் உப்பும் பின்னில் படியும், எறும்பும் புகும். பட்டரி நெகட்டிவையும் கழற்றியபடியே விட்டு, வீட்டில் யாரும் காரை எடுக்காமல் இருக்கச் சாவியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.